மூன்றாம் மாடிக்குப் போன சொக்லேட்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். ஒன்று சொல்லப்போனால் இன்னொன்றாய் முடியும். இந்தச் சொக்லேட் விசயமும் அப்படித்தான் தொடங்கியது.

ஜெர்மன் பேசுகிற இந்தச் சூக் நகரத்தில் ஒரு ஜப்பான்காரக் கம்பனி. பின்னேரங்களில் நாங்கள் சில தமிழ்ப் பெண்கள் அங்கே துப்புரவு வேலைக்குப் போவோம். எங்களுக்கு மேலே கலாவதி அக்கா. யாருக்கு எந்த மாடி, யாருக்கு வேலை நிலைக்கும் என்பதெல்லாம் அவவின் வாயில் இருக்கிறது. என் மனுசனுக்கு முதுகு நோவு. என்னுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

மகள் யதுஷாவுக்குத் தாதி வேலை பழக இடம் கிடைத்தது. அந்தச் சந்தோசத்தில், கூட வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு சிறு பெட்டி சொக்லேட் வாங்கிக்கொண்டு போனேன். ஒன்று மிஞ்சியது. மூன்றாம் மாடியில் எப்போதும் கடைசியாக வீட்டுக்குப் போகிற பெரியவர் ஹெர் ஒகாடாவிடம் அதை நீட்டினேன். ஹெர் என்றால் இங்கே ஐயா மாதிரி. காரணம் சொல்ல ஜெர்மன் வரவில்லை. சிரித்துவைத்தேன்.

அவர் கதிரையை விட்டு எழும்பி, இரண்டு கையாலும் வாங்கி, குனிந்தார். முகம் சிவந்துபோனது. பெட்டியைத் திறக்கவும் இல்லை.

வெளியே வந்தால் கலாவதி அக்கா நிற்கிறா.

"இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

"புதன்கிழமை."

"பெப்ரவரி பதினாலு. காதலர் தினம். வீட்டிலை குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு, நீ ஆம்பிளைக்குச் சொக்லேட் குடுக்கிறாய்."

"மகளுக்கு இடம் கிடைச்சதுக்கெல்லோ அக்கா. உங்களுக்கும்தானே தந்தனான்."

"நான் ஆம்பிளையோ?"

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தேன். அக்கா விடவில்லை.

"கம்பனிக்காரரோடை இப்பிடிப் பழகினால் வேலை பறக்கும், தயா. நான் மேலை சொல்லாமல் இருக்கிறன் எண்டால், அது உனக்காகத்தான்."

வீட்டில் மனுசனிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"இதுவரைக்கும் எனக்கு எத்தினை பெட்டி தந்தனீர்?"

"உங்களுக்குச் சீனி வருத்தம்."

"அந்தாளுக்கு இல்லையோ? அதையும் விசாரிச்சுப்போட்டீரோ?"

மார்ச் பதினாலு வரைக்கும் தலை நிமிராமல் கூட்டினேன். அன்றைக்கு ஹெர் ஒகாடா படியிறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு பையை எனக்கு நீட்டினார். குனிந்தார். போய்விட்டார்.

உள்ளே ஒரு டின் பிஸ்கட். ஒரு கழுத்துச் சால்வை. கலாவதி அக்கா சால்வையை இரண்டு விரலால் தடவிப் பார்த்தா.

"அசல் பட்டு," என்றா. பிறகுதான் அவவுக்குக் கோபம் வந்தது. "கொண்டுபோய்த் திருப்பிக் குடு."

நான் படியேறப் போனேன். அந்த அலுவலகத்திலேயே வேலை செய்கிற நாத்சுமி என்ற ஜப்பான்காரப் பிள்ளை பதறிப்போய் மறித்தாள். அவள் ஜெர்மனில் சொன்னதை எங்களோடு கூட்டுகிற நிலோஜினி தமிழில் சொன்னாள்.

"அவையின்ரை நாட்டிலை பெப்ரவரி பதினாலிலை பொம்பிளையள்தான் சொக்லேட் குடுக்கிறதாம். விரும்பிற ஆளுக்குக் குடுக்கிறது வேறையாம். கூட வேலை செய்யிறவைக்குச் சும்மா மரியாதைக்கும் குடுப்பினமாம். வாங்கின ஆம்பிளை மார்ச் பதினாலிலை திருப்பிச் செய்ய வேணுமாம். ரெண்டு மடங்கு, மூண்டு மடங்காயும் செய்யிறவையாம். அது கடமையாம். நீங்கள் இதைத் திருப்பிக் குடுத்தால் அவருக்கு அவமானமாம், அக்கா."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கலாவதி அக்காவுக்கு வார்க்கவில்லை.

"கடமையோ? ஆம்பிளையள் சொல்லுற கதையை நம்புறியள். தயா, நாளையிலையிருந்து நீ கீழை கெல்லரைக் கூட்டு. மூண்டாம் மாடியை நான் பாக்கிறன். உன்ரை மானத்துக்காகத்தான் சொல்லுறன்."

கெல்லர் என்றால் நிலவறை. பழைய மேசைகளும் கடதாசிப் பெட்டிகளும் கிடக்கிற இடம். கூட்டக் கூட்டத் தூசு வரும். வேலை போகவில்லையே என்று இருமிக்கொண்டே கூட்டினேன். கோயிலில் என்னைக் கண்டால் கலாவதி அக்கா ஓரடி தள்ளி நிற்பா. அவவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களும் தள்ளி நிற்பார்கள்.

அடுத்த வருசம் பெப்ரவரியில் ஒரு நாள், தூசு உறிஞ்சுகிற மெசினுக்குப் பை முடிந்துவிட்டது. புதுப் பை மூன்றாம் மாடி அலுமாரியில் இருக்கும். பயந்து பயந்து மேலே போனேன்.

ஹெர் ஒகாடாவின் மேசையில் ஒரு சொக்லேட் கடையே இருந்தது. சிவப்பு நாடா கட்டியது, பொன் கடதாசி சுற்றியது, இதயம் போல வெட்டியது. கீழ்ப் பெட்டியில் நிலோஜினியின் பெயர். கூட வேலை செய்கிற மற்றப் பெண்களின் பெயர்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றிலும் பெரிய பெட்டியை நேராக வைத்துக்கொண்டிருந்தது கலாவதி அக்கா.

என்னைக் கண்டும் அவவின் முகம் மாறவில்லை.

"என்ன பாக்கிறாய், தயா? சும்மா மரியாதைக்குத்தான். அது அவையின்ரை கடமையெல்லே."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா.

அந்த நேரம் பார்த்து ஹெர் ஒகாடா உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தார். கதிரையில் மெல்ல இருந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வாய்க்குள் ஏதோ மடங்குக் கணக்குப் பார்த்தார். பிறகுதான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற என்னைக் கண்டார்.

குளிருக்கு என் கை இரண்டும், எதையோ ஒளித்து வைத்தது போல, ஏப்ரனுக்குள் இருந்தன. அவர் கண் அங்கேயே நின்றது. பாவம், மனுசனின் முகம் வெளிறிப்போனது.

வாயைத் திறந்தால் இன்னொரு வருசம் கெல்லரில் போகும். போன வருசம் மாதிரிச் சிரிக்கவும் இல்லை.

இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, அவருக்கு முன்னால் நன்றாக விரித்துக் காட்டினேன்.