வயிற்றுக்குள் வைக்கும் வலை

குடலிறக்கத்துக்கு ஒப்பறேசன் செய்ய மாட்டேனென்று மசூர் அடம்பிடித்தார். உள்ளே வைக்கும் வலை பிளாஸ்டிக்காம்.

"நைலோன் சேட்டு போட்டாலே எனக்கு அரிக்கிது மகள். வயித்துக்குள்ள வெச்சா?"

அத்தகைய பிளாஸ்டிக்கை உடம்பு ஏற்கிறதா என்று ஆய்வுகூடத்தில் சோதிப்பதுதான் மகள் அம்ஹாவின் வேலை. காலையிலிருந்து விளக்கி அலுத்துவிட்டாள்.

"எலியில வெச்சுப் பாத்துட்டுத்தான் வாப்பா மனுசருக்கு வெக்கிற."

"எலி வாய் திறந்து சொல்லிச்சா? வெச்ச மனுசர் ஆராவது வந்து சொல்லட்டும்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா எட்டிப் பார்த்தாள்.

"முந்தின வருசம் எனக்கும் இதே வலையத்தானே வெச்சாங்க. ஒரு கேள்வியும் கேக்காம ஆஸ்பத்திரிக் கடுதாசியில ஒப்பம் வெச்சீங்க."

மசூர் திகைத்தார்.

"உனக்கு... அரிக்கிதா?"

"இண்டைக்கித்தான் கேக்கிறீங்க. எலியத் தினமும் பாக்கிற உங்கட மகள் இன்னும் கேக்கல்ல."