தேய்மானம் தீர்ந்த அப்பா

பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பவர்களின் பயிற்சிக் கணக்கேடு அவரவர் வீட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. ஏட்டில் மதிப்புள்ளதைத்தான் கதவு உள்ளே விடும். முதலாமாண்டு மாணவி இளவேனில், சோபா, மிக்ஸியோடு அப்பாவையும் சொத்தில் சேர்த்து, ஐம்பத்தெட்டு வயதில் மதிப்பு தீரும்படி வருடாவருடம் தேய்மானம் போட்டு, நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாள்.

இன்று அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. கேக்கோடு வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை.

"உங்க மதிப்பு பூஜ்யமாயிடுச்சுப்பா," என்றாள் ஜன்னல் வழியாக.

"மாத்திப் போடேம்மா!"

"மறுமதிப்பீடு மூணாம் வருஷப் பாடம்பா. அதுவரைக்கும் ஏட்டுல அந்தப் பக்கமே திறக்காது."

அம்மா ஜன்னல் கம்பிகளுக்கு இடையே தலையணையைத் திணித்து வெளியே தள்ளினாள். அப்பா அதை மாடிப்படியில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, போய்ப் படி. அரியர் மட்டும் வெச்சிடாதம்மா."