பண்பொழிக்கு நேர்ந்த மொட்டை

காரை மறித்து நின்றவர்கள் நூற்றிருபது பேர். அத்தனை பேரும் மொட்டை.

பெண்களும்தான். மொட்டைக்கு முன் தங்கத்தாயின் முடி இடுப்பைத் தொடும். ஐம்பது வயதிலும் நரைக்கவில்லையே என்று ஊரே கண் வைத்த முடி.

அச்சன்புதூர் போகும் சாலையில் இருக்கும் அந்த நூல் மில்லில் பதினான்கு மாதச் சம்பளம் பாக்கி. அரசாங்கம் பணம் கொடுத்தால்தான் மில் பிழைக்கும் என்றார்கள். கொடுத்துவிட்டால் மொட்டை போடுவதாக எல்லோரும் சேர்ந்து பண்பொழி மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்கள்.

அறுபது கோடி வந்துவிட்டது என்று டிவியில் சொன்ன அதே வாரம் மலையேறினார்கள். சம்பளம் கைக்கு வரட்டும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை. சாமியிடம் கடன் வைக்கலாமா?

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பைசா வரவில்லை. இன்று காலைப் பேப்பரில் வேறொன்று வந்தது. அந்த அறுபது கோடியில் நான்கு கோடி, ஒன்பது அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகை.

மில்லை நஷ்டத்தில் மூழ்கடித்ததற்கு ஊக்கத்தொகை! சொல்லவே நாக்கூசுகிறது.

அந்த ஒன்பது பேர் யார் யார் என்று பேப்பரில் பெயர் போடவில்லை. அதனால் கேட்டை விட்டு வெளியே வந்த முதல் காரை மறித்துவிட்டார்கள். உள்ளே ஜெனரல் மேனேஜர் சிவசைலம். குற்றாலத்தில் ஏதோ ரிசார்ட்டில் மீட்டிங்காம்.

நம்பிராஜன் கல்லை ஓங்கிவிட்டான். அவன் பின்னால் இன்னும் பத்து கைகளில் கல்.

தங்கத்தாய் பாய்ந்து போய் காருக்கு முன்னால் நின்றாள். அவளுக்கும்தான் வயிறு எரிந்தது. திங்கட்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் மகள் ஜெயபிரியா நர்ஸிங் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"கல்லக் கீழ போடுலே! ஆபீஸர்மாருல இவரு ஒருத்தருதான நம்மகூட மலையேறி மொட்ட போட்டாரு? இவரயா அடிக்கப் போறீய?"

கை தாழ்ந்தது. கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தார்கள். அவர் தலையும் அவர்கள் தலையைப் போலவே முள்முள்ளாக இருந்தது.

அப்போதுதான் நம்பிராஜனின் போனில் வாட்ஸ்அப் வந்தது. அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கும் ஷெர்லின் அனுப்பியிருந்தாள். ஒன்பது பெயர்கள்.

அவன் போனைத் தங்கத்தாயிடம் நீட்டினான்.

முதல் பெயர் சிவசைலம். எழுபது லட்சம். வங்கியில் வரவு வைத்தது பதினொன்றாம் தேதி.

அவர்கள் மலையேறியது பன்னிரண்டாம் தேதி.

அன்றைக்குச் சன்னிதியில் அவர் கண்ணீர் விட்டு அழுதார். நமக்காக ஒரு மனுஷன் இப்படி உருகுகிறாரே என்று தங்கத்தாய்க்கும் அழுகை வந்தது. அவர் மொட்டையில் சந்தனம் பூசிவிட்டது அவள்தான்.

அவருடைய வேண்டுதல் பலித்துவிட்டிருந்தது. அதைத்தான் செலுத்த வந்திருக்கிறார்.

தங்கத்தாய் போனைத் திருப்பிக் கொடுத்தாள். காருக்குள் இருந்தவரை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு ஓரமாக விலகி நின்றுகொண்டாள்.