கடைசி வரிசையின் உயரம்

எஃகு ஸ்கேலை மறுபடியும் கடைசி வரிசை எழுத்தின் மேல் வைத்துப் பார்த்தாள் காஞ்சனா.

பதினைந்து மில்லிமீட்டர். ஒன்பதுதான் இருக்க வேண்டும்.

தெருக்கதவின் உட்புறம் அந்தப் பெரிய தாளைக் குண்டூசியால் குத்தித் தொங்கவிட்டிருந்தாள். தாள் முழுக்க ஆங்கில ‘ஈ’ எழுத்துகள். மேல் வரிசை பெரிது, கீழே போகப் போகச் சிறிது. எழுத்தின் மூன்று கால்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஆறு மீட்டர் தள்ளி நின்று சொல்ல வேண்டும். கடைசி வரிசை வரை சொல்லிவிட்டால் கண் சரி.

காலையில் அவள் கணவன், ரயில் டிரைவர் துளசிங்கம், கடைசி வரிசை வரை சொல்லிவிட்டான்.

ரயில் பெட்டி போல நீண்ட வீடு. சமையலறை வாசலில் நின்றால் கதவு சரியாக ஆறு மீட்டர். அங்கே நின்று, இன்ஜினில் சிக்னலைக் கூவுவது போலவே கூவினான். முடித்ததும் விசில் அடித்துக்கொண்டு சலூனுக்குச் சவரம் பண்ணிக்கொள்ளப் போனான்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு அரக்கோணத்தில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள். தேறினால் மலைக்கோயிலுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டிருந்தான். ஒரு மாதமாக அவனுக்குச் சரியான தூக்கமில்லை. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், வேலை பார்க்கும் அலுவலகக் கம்ப்யூட்டரில் இந்த எழுத்துகளை அவள் வரைந்தாள்.

தொழிற்சாலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம். கம்ப்யூட்டர் ஒன்றுதான். தாளில் எடுத்துத் தர மட்டும் இரண்டு இயந்திரங்கள். ஒரே படத்தை இரண்டிலும் எடுத்திருந்தாள்.

பிரின்டர் ஊசியால் புள்ளி குத்தும். எழுத்தின் உயரம் என்று நாம் கொடுக்கும் எண்ணை இத்தனை புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். தாள் எதுவானாலும் புள்ளியின் அளவு மாறாது, எழுத்தும் மாறாது.

ப்ளாட்டர் பேனாவைப் பிடித்துக் கோடு இழுக்கும். அதே எண்ணை, தாளின் உயரத்தில் இத்தனை பங்கு என்று எடுத்துக்கொள்ளும். பெரிய தாளை மாட்டினால் எழுத்தும் கூடவே வளரும். திரையில் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

பிரின்டர் எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்ததால் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, ப்ளாட்டரில் வந்த அழகான தாளைத் தொங்கவிட்டிருந்தாள்.

சுருட்டி வைத்ததை இப்போது எடுத்து அளந்தாள். ஒன்பது.

அப்படியானால் காலையில் அவன் படித்தது ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிய எழுத்து. இப்போதே சொன்னால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, முதலில் ஒரு கண் டாக்டரைப் பார்க்கலாம். ஆனால், விசில் அடித்துக்கொண்டு போனவனிடம் எப்படிச் சொல்வது?

சலூனிலிருந்து பவுடர் வாசனையோடு வந்து நின்றான் துளசிங்கம்.

“தலையில கைய வெக்காதடான்னு சொல்ட்டேன். முடி செவ்வாக்கெழம மலைக்கு.”

“பாவா, இன்னொரு வாட்டி படிச்சிருங்க. டியூட்டிக்கு நேரம் இருக்குது.”

“இன்னா காஞ்சனா, பரீட்ச எனுக்கா, உன் மிஷினுக்கா?”

சிரித்துக்கொண்டே சமையலறை வாசலுக்குப் போனான். அவள் கதவைச் சாத்தி, டியூப்லைட்டைப் போட்டு, பெரிய தாளை எடுத்துவிட்டு பிரின்டர் தாளைக் குத்தினாள்.

இன்ஜினில் ஒருவர் சிக்னலைக் கூவினால், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிக் கூவ வேண்டும். இரண்டு பேர் கண்ணும் பார்த்தது என்பதற்கு அதுதான் அடையாளம். உதவி டிரைவர் ஆனந்தன் லீவு போட்டால் துளசிங்கமும் லீவு போட்டுவிடுவான். இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கினாங்களா என்று இன்ஜின் ஷெட்டில் ஒரே கேலி.

வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. காலையில் ஸ்கேலால் தொட்டுக் காட்டிக்கொண்டே அவளும் சேர்ந்து கூவியிருந்தாள்.

இந்த முறை வாயைத் திறக்கவில்லை. அவன் எந்த வரிசையில் தடுமாறுகிறான் என்று கேட்க வேண்டும்.

முதல் வரிசையைத் தொட்டாள்.

“சோத்தாங்கை பக்கம்!”

இரண்டாம் வரிசை.

“மேல... ஆங், மேல!”

மூன்றாம் வரிசையில் சத்தம் வரவில்லை.

தெருவில் ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு கடந்து போனது. அது போன பிறகுதான் அவன் பேசினான்.

“கம்முனு நிக்கிறியே. நீயும் கூவு.”

எழுத்து ரம்பப் பல்லாக இருப்பதால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பெரிய தாளையே எடுத்து மறுபடி குத்தினாள். அதிலும் மூன்றாம் வரிசையைத் தொட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தீப்பெட்டி நீளத்துக்கு, மையில் கறுகறுவென்று இருந்தது. காலையில் இதையெல்லாம் தாண்டிக் கடைசி வரை போனவன்.

துளசிங்கம் கழுத்தை முன்னால் நீட்டினான். பார்வை எழுத்தில் இல்லை, அவள் வாயின் பக்கம் இருந்தது.

“கூவேன் காஞ்சனா. ரெண்டு பேரா கூவுனாத்தான எனுக்குப் பழக்கம்.”

ஸ்கேல் தொட்டுக்கொண்டிருந்த எழுத்தைப் பார்த்தாள். அதன் கால்கள் மூன்றும் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

“கீழ,” என்றாள்.

“கீழ!” என்றான் துளசிங்கம், உடனே, கணீரென்று.

கதவுக்கு வெளியே ஆனந்தனின் சைக்கிள் மணி அடித்தது. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.