மூன்றாவது பெடல்

"மேனுவல் வேண்டாம். ரெண்டு பெடல் வண்டிதான் வேணும்."

அந்த அம்மா சொன்ன விதத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது தெரிந்தது.

விற்பனையாளனுக்கு அது பொறுக்கவில்லை. ஷோரூமில் அவனுக்குப் பட்டப்பெயர் 'கியர்'. வேகக் கார் வாங்க யார் வந்தாலும், கையால் கியர் போடுகிற வண்டியைத்தான் எடுக்கணும் என்று மல்லுக்கு நிற்பான். அதனால் வந்த பெயர்.

அந்த அம்மாவின் கணவர் சிவப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வேகக் காரை வைத்துக்கொண்டு, ஞாயிறு தவறாமல் பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டியவர். அது ஓய்ந்துபோய், இப்போதுதான் அடுத்தது.

"இதே கார் ரெண்டு விதமாவும் வருதும்மா," என்றான் கியர். "மேனுவல்ல கிளட்சோட சேர்த்து மூணு பெடல். இன்னொண்ணு டூயல் கிளட்ச். உள்ளே ரெண்டு கிளட்ச் இருக்கும், ரெண்டையும் வண்டியே பார்த்துக்கும். இடது காலுக்கு வேலை கிடையாது. கியரும் கண் சிமிட்டுறதுக்குள்ள மாறிடும். ஆனா சார் மாதிரி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அதுல என்ன ருசி இருக்கு?"

"சார் மட்டும் ஓட்டப் போறதில்ல. நானும் கத்துக்கப் போறேன். எனக்கு அந்த மூணாவது பெடலெல்லாம் சரிப்படாது."

"உங்களுக்குன்னு சின்னதா வேற ஒண்ணு பார்க்கலாமேம்மா."

"வேற எதுக்கு? இதுலயே கத்துக்கறேன்."

கியர் கணவரைப் பார்த்தான். ஒரு வார்த்தையாவது எதிர்த்துச் சொல்வார் என்று நினைத்தான். அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

"அவ சொன்னா சொன்னதுதாம்ப்பா."

ஒரு மனுஷன் ஆசையில் இப்படியா மண்ணை அள்ளிப் போடுவது என்று நினைத்துக்கொண்டான் கியர். விடவும் மனசில்லை.

"வாங்காட்டி போகுது சார். மேனுவலை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வாங்க. அம்மா இங்கேயே உட்காரட்டும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டார். கியர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

சமதளத்தில் கார் வெண்ணெயாய்ப் போனது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு அவர் மாற்றியபோது கியருக்கே புல்லரித்தது. பிறகு மேம்பால ஏற்றத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது.

பச்சை வந்ததும் கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. கியர் குனிந்து பார்த்தான். கிளட்ச் மேல் இருந்த அவர் கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை எப்படியோ பாலம் தாண்டி, ஓரமாக நிறுத்தினார்.

"முதுகுல ஒரு நரம்பு நசுங்கியிருக்காம்ப்பா. ஆறு மாசமா இடது கால்ல பலம் இல்ல. டாக்டர் கிளட்ச் மிதிக்கவே கூடாதுன்னுட்டார்."

"வீட்ல சொல்லலையா சார்?"

"எப்படிச் சொல்றது? ரெண்டு பெடல் வண்டியைப் பொம்மைக் கார்னு ஊரெல்லாம் கேலி பண்ணினவன் நான். அதுவும் போகட்டும். கால்ல பலம் இல்லன்னு தெரிஞ்சா அவ தூங்கமாட்டா." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா கெஞ்சியிருக்கேன், வண்டி கத்துக்கோன்னு. காதுலயே போட்டுக்கல. போன மாசம் திடீர்னு அவளாவே, கத்துக்கறேன், ரெண்டு பெடல் வாங்குங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னா. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்துச்சு. அவளுக்கு ஒரு நன்றி சொல்லணும்ப்பா. சொன்னா காரணத்தையும் சொல்லணுமே."

அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"நீ ஓட்டு. ஷோரூம் திருப்பத்துக்கு முன்னாடி நான் மாறி உட்கார்ந்துக்கறேன். அவகிட்ட மூச்சு விடாதே."

"விடமாட்டேன் சார்."

திரும்பி வந்ததும் டூயல் கிளட்சுக்கே கையெழுத்தானது. வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாகக் கியர் வாயே திறக்கவில்லை. கணவர் புது வண்டியில் ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த, விரலாலேயே கியர் மாற்றும் துடுப்புகளைச் சின்னப் பிள்ளை மாதிரி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கியர் அந்த அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டினான்.

"புது வண்டியோட பத்து நாள் டிரைவிங் வகுப்பு எங்க செலவும்மா. நீங்கதான் ஆசையா கத்துக்கணும்னீங்களே."

அவள் பேனாவை எடுத்தாள். எழுதாமல் நிமிர்ந்தாள்.

"ரொம்பப் பயப்படறவங்களுக்கும் சொல்லித் தருவாங்களா?"

"உங்களுக்கா பயம்?"

"ரோட்டைக் கடக்கவே அவர் கையைப் பிடிச்சுக்கறவ நான்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேம்பாலத்து வழியாவா போனீங்க? அவர் கால் ரொம்ப நடுங்குச்சா?"

கியர் மேஜையைப் பார்த்தான்.

"சொல்ல வேண்டாம். சொல்லாதேன்னுதான் கேட்டுக்கிட்டிருப்பார். ஆறு மாசமா மாடிப்படியில பார்க்கறேன், கைப்பிடி இல்லாம ஏறறதில்ல. அவர் வாயால சொல்ல வைக்கக் கூடாதுன்னுதான் பழியை நான் எடுத்துக்கிட்டேன்."

"சார் சந்தோஷமாத்தான் இருக்கார்மா," என்றான் கியர்.

"அது போதும்."

"அப்ப வகுப்பு வேண்டாம்னு எழுதிடவாம்மா?"

"வேண்டாம்னா எப்படி?" படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டாமா, தம்பி?"