அளக்கும் புழு

பாம்பு கடித்த பவளக்கொடியைக் கொழுந்துச் சாக்கின் மேல் கிடத்திவிட்டு ஜீப்புக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் தேயிலைச் செடியிலிருந்து ஒரு புழு அவள் கால் கட்டைவிரலில் இறங்கி, உடம்பை வளைத்து வளைத்து மேலே அளந்துகொண்டு போனது. கால் முதல் தலை வரை அது அளந்து முடித்த ஆள் பிழைப்பதில்லை என்பது அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

“கொன்னுராதண்ணே, அளந்தது அளந்ததாவே நின்னுரும். திரும்பக் கால்ல கொண்டாந்து விடு,” என்றாள் கூடக் கொழுந்து பறிக்கும் ராக்கு.

பவளக்கொடியின் புருஷன் சடையன், மருந்தடித்து இதே புழுக்களை லட்சக்கணக்கில் கொன்றவன். இப்போது அது கழுத்தருகே வரும்போதெல்லாம் நசுங்கிவிடாமல் இலையில் ஏந்தி, மறுபடி அவள் கட்டைவிரலில் விட்டான். ஐந்து முறை விட்டான்.

“குளிருதுய்யா,” என்றாள் அவள்.

ஆறாவது முறை தன் காலையும் நீட்டி அவள் காலோடு ஒட்டி வைத்தான். “எந்தாயி, இந்தப் பக்கம் வா,” என்று புழுவிடம் கெஞ்சினான். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே அது முன்னுடம்பைத் தூக்கி, காய்ந்த குச்சி போல அசையாமல் நின்றது.

“ஜீப்பு வந்திருச்சுண்ணே, தூக்கு!”

சடையன் காலை எடுக்கவில்லை.