கடைசி நடனத்துக்குக் கண்ணீர்

கெடு தாண்டியும் எழுதித் தராத விமர்சகர் குஸுமியை, டோக்கியோ பத்திரிகை வழக்கப்படி ஓட்டல் அறையில் பூட்டி வைத்து மூன்று நாளாகிறது. துணைக்கு, அவர் விமர்சிக்க வேண்டிய பாலே தேவதைக்கதை அனிமே தொடரின் டிவிடி பெட்டி.

கதவைத் திறந்துகொண்டு பத்திரிகையின் உதவி ஆசிரியை ஹடானோ வந்ததும் குஸுமி விமர்சனத்தை நீட்டினார்.

"இருபத்தாறு பாகமும் பாத்தாச்சும்மா. கடைசி நடனத்துல மானுட சோகமே தெரியுது. அழுதுட்டேன். வீட்டுக்குப் போகவா?"

"உங்களை அனுப்பத்தான் வந்தேன், சென்செய். எங்க தப்பு. கடையில காட்சிக்கு வைக்கிற காலிப் பெட்டியைத் தந்துட்டோம்."

குஸுமி பெட்டியைப் பார்த்தார். மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடக் கிழியவில்லை.

ஹடானோ பையிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வீட்டுக்குக் கொடுத்தனுப்பத்தான் கொண்டுவந்தேன். இதுல டிஸ்க் இருக்கு. இங்கயே இன்னொரு தடவை அழுதுடுங்க."

வெளியே சாவி திரும்பியது.